பால் வைத்த மாடம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. விருதுநகரில் மிளகாய் மூட்டை தூக்கி, கப்பலில் பாத்திரம் கழுவி, சீமைக்கு வந்து நார்விச் நகரத்துக் கோழி ஆலையில் ஈரத்தில் நின்று, கடைசியில் அந்த வட்டாரத்துக்கே அரிசி பருப்பு மொத்தமாகப் போடுகிற ஆளானேன். மாயாண்டி என்ற பெயர் அவர்கள் வாயில் தேய்ந்து ‘ஆண்டி’ ஆகிவிட்டது. நம் பக்கம் ஆண்டி என்றால் திருவோடு ஏந்துகிறவன். நார்விச் ஆண்டிக்கு மூன்று லாரி ஓடியது.

என் கதையை யாராவது படித்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். மோரிஸ் உட்டிங்கின் கதையை யாரும் எழுதப்போவதில்லை. அவன் எதையும் சாதிக்கவில்லை, ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வந்தான், அவ்வளவுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று கூட இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அரிசி அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பக்கம் உட்டிங் சந்தில் பாதிக் கிட்டங்கி சும்மா கிடப்பதாகச் சொன்னார்கள். போய்க் கதவைத் தட்டினேன். பழுப்பு மேலங்கி போட்ட நெட்டையான ஒருவன் திறந்தான். தோளெல்லாம் விதைத் தூசி.

“உள்ள வா, போ,” என்றான்.

வா என்கிறானா, போ என்கிறானா? நின்றேன்.

“மழையில எதுக்கு நிக்கிற, போ?”

காது தமிழ்க் காது. கால் தானாகத் திரும்பிவிட்டது. பாதிச் சந்து வந்த பிறகு பின்னாலேயே ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். பிறகுதான் தெரிந்தது, அந்த வட்டாரத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் ‘போ’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் ‘மாப்ளே’ என்பதுபோல. கோழி ஆலையில் என்னோடு நின்றவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள் ஆனதால் அது எனக்குத் தெரியாமல் போயிற்று. நாளெல்லாம் வருகிறவன் போகிறவனை எல்லாம் ‘போ, போ’ என்று சொல்லிக்கொண்டிருந்த மோரிஸ் மட்டும் எங்கேயும் போனதில்லை.

அந்தக் கிட்டங்கி ஒரு கட்டடம் இல்லை, மூன்று. முன்பக்கம் அவன் கொள்ளுத்தாத்தா எழுப்பிய நாலு மாடிச் செங்கல் கட்டு. மாடிக்கு ஒரு கதவாக ஒன்றன்மேல் ஒன்று அந்தரத்தில் திறக்கும். உச்சியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு மரக்கூடு, அதற்குள் மூட்டை தூக்கும் கப்பி. பின்பக்கம் ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஏதோ கம்பளி வியாபாரியின் கூடம். அதில் மிச்சம் இருந்தது சக்கிமுக்கிக் கல் பதித்த பின்சுவரும், நுனி அறுபட்ட ஓக் உத்திரங்களும். அடியில் அதே வியாபாரியின் நிலவறை, செங்கல் வளைவுகள் விலா எலும்புபோல் இறங்கும். கொள்ளுத்தாத்தா சிக்கனக்காரர். புதுக்கட்டின் இரும்புத் தூண்களை அந்த விலா எலும்புகளின் மேலேயே நிறுத்திவிட்டார். நிலவறையில் கைவைத்தால் நாலு மாடியும் உட்காரும். மாடியைப் பிரித்தால் பின்சுவர் சாயும். பின்சுவரைத் தொட்டால் நிலவறை வாயைப் பிளக்கும். தோள்மேல் கைபோட்டு நிற்கிற மூன்று குடிகாரர்கள் மாதிரி. ஒருவன் வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் மற்ற இருவரும் விழவேண்டியதுதான்.

வலப்பக்கம் பூட்டிக் கிடந்த பழைய தேவாலயத்தின் சுவர். இடப்பக்கம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். சந்து வந்து இந்தக் கதவில் முட்டிக்கொண்டு முடிந்துவிடும். முட்டுச்சந்தை அந்த ஊரில் ‘லோக்’ என்பார்கள். வழி என்று ஒன்று அந்த முன்கதவு மட்டும்தான்.

உள்ளே எதைத் தொட்டாலும் ஆடும். ஏணியில் கயிறு கட்டியிருக்கும். உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும். அந்த முட்டுக்கு இன்னொரு முட்டு.

“இதெல்லாம் சரி பண்ணக் கூடாதா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அது என்னை வழியனுப்பும்,” என்றான்.

அந்த ஊர்க்காரர்களின் வேதவாக்கு அது. செருப்பு, கூரை, பல்செட்டு, எதைக் காட்டி மாற்றக் கூடாதா என்றாலும் இதுதான் பதில். நான் பெட்டியில் போகிற வரைக்கும் இது தாங்கும், எனக்குப் பிறகு வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். கொள்ளுத்தாத்தா சொன்னார், தாத்தா சொன்னார், அப்பா சிரில் சொன்னார். பின்னால் வந்தவன் மோரிஸ். எல்லாரையும் வழியனுப்பிய முட்டுகளும் ஆணிகளும் அவன் தலைக்குமேல் தொங்கின.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அவனைக் கூட்டிவந்து, சாவியைக் கழுத்தில் மாட்டினார் சிரில். அக்கா கனடாவுக்கு ஓடிவிட்டாள். உரமும் விதையும் பெரிய கடைகளுக்குப் போய்விட, மோரிஸிடம் தோட்டம் போடுகிற சில கிழவர்கள் மட்டும் பட்டாணி விதை வாங்க வந்தார்கள். முதல் மாடியில் கணக்குப் பிள்ளை உட்கார்ந்த அறையில் தூங்குவான். ராத்திரி கட்டடம் முனகினால் எழுந்து போய் எந்த முட்டு நழுவியது என்று பார்ப்பான். அதற்காகவே வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியது கிடையாது. தங்கினால் விழுந்துவிடும் என்று நம்பினான். நான் சிரித்தேன். அப்புறம் ஒரு ராத்திரி அரிசிக்குக் காவலாக அங்கே படுத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

அவனுக்கும் ஒரு ஆசை இருந்தது. அதன் பெயர் ஹேசல். குரோமர் கடற்கரையில் சின்ன விடுதி வைத்திருந்த விதவை. வியாழக்கிழமை தோறும் ரயிலேறி வருவாள், விதை வாங்க என்று பெயர். அவள் வாங்கிய விதைக்கு குரோமரே காடாகியிருக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஒரு வியாழன், கையுறையைக் கழற்றாமலேயே சொன்னாள்.

“ஈஸ்டருக்கு விருந்தாளிங்க வந்துருவாங்க, மோரிஸ். அதுக்கு முன்னாடி வந்தா நீ வீட்டுக்காரன். அப்புறம் வந்தா நீயும் ஒரு விருந்தாளி. ரூம் வாடகை வாங்கிருவேன்.”

“இத யாரு பாத்துப்பா, ஹேசல்?”

“வித்துட்டு வா.”

வாங்க ஆளும் வந்தான். தர்ட்டில் என்ற கட்டட முதலாளி. கிட்டங்கியைக் குடியிருப்பாக மாற்றப்போகிறேன், முட்டுகளை எல்லாம் எடுத்து இரும்பு கொடுத்து நிமிர்த்துகிறேன் என்றான். மோரிஸ் அன்றைக்கு முடி வெட்டிக்கொண்டான்.

முதலில் தீயணைப்பு அதிகாரி வந்து எல்லா மாடியும் ஏறி இறங்கினார். “படுக்க இடம் இருக்கு, ஓட இடம் இல்ல. ரெண்டாவது வழி காட்டுங்க, கையெழுத்துப் போடுறேன்,” என்றார்.

“பின்சுவத்துல ஒரு வாசல் போட்டுக்கிறேன்,” என்றான் தர்ட்டில்.

அதற்கு இன்னொருவர் சம்மதிக்க வேண்டும். நகரசபையில் பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டுக் காக்கிற உத்தியோகம் பார்த்த மிஸஸ் லார்ட்டர். நல்ல மனுஷி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிலவறைக்குள் தவழ்ந்தே போனார். விலா எலும்பின்மேல் இரும்புத் தூண் நிற்பதைப் பார்த்துவிட்டு, “ரொம்ப சுவாரசியமா இருக்கு,” என்றார்.

மோரிஸின் முகம் வெளுத்தது. அந்தச் சீமையில் ஒருவர் ‘சுவாரசியம்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பொருளில் இனி ஒரு ஆணி அடிக்க முடியாது. இந்தச் சுவரில் ஓட்டை போட விடமாட்டேன் என்று மிஸஸ் லார்ட்டர் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒருத்தர் வழி கேட்கிறார், ஒருத்தர் சுவரை விடமாட்டேன் என்கிறார். இரண்டும் நியாயம். நடுவில் மோரிஸ். அந்த வளைவின்மேல் நிறுத்திய தூண் மாதிரி நின்றான்.

மாசி மாதம்போல என் லாரி அங்கே ஒரு கூத்துப் பண்ணியது. லாரி சந்து முனையில்தான் நிற்க வேண்டும், மூட்டை கைவண்டியில் வரவேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு வந்தவன் ட்ரெவர் என்கிற புது ஆள். நேராக உள்ளே ஓட்டிவிட்டான். இரண்டு பக்கச் சுவரும் லாரியைக் கவ்விக்கொண்டன. மூக்கு எங்கள் கதவில் வந்து இடித்தது. கதவோ வெளிப்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே நான், மோரிஸ், வியாழக்கிழமை ஆனதால் ஹேசல். லாரிக்குள் ட்ரெவர், அவன் கதவும் திறக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்க, மிஸ்டர் ஆண்டி,” என்று பலகை வழியாகக் குரல் வந்தது. “உள்ள போகப் போக அகலமாகும்னு நெனச்சேன்.”

“எந்த ஊருல முட்டுச்சந்து உள்ள போகப் போக அகலமாகுது?”

“எங்க ஊரு பக்கம் ஒண்ணு இருக்கு.”

“அங்க போய் ஓட்டு.”

கிட்டங்கியில் போன் கிடையாது. மாடி ஜன்னல் வழியாக, தேவாலயத்துப் பக்கம் போன ஒரு பெண்மணியைக் கூவிக் கூப்பிட்டு, இழுவை வண்டிக்குப் போன் பண்ணச் சொன்னோம். சாயங்காலம்தான் வருமாம். ஹேசலின் ரயில் அதற்குள் போய்விடும். மோரிஸ் மேலே போய் அந்தரக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தான்.

“கப்பியில உன்ன லாரி மேல இறக்கிடுறேன். அங்கருந்து குதிச்சு நடந்துரலாம்.”

“நான் என்ன கோதுமை மூட்டையா? அந்தக் கயிறு எந்தக் காலத்துது?”

“அப்பா வாங்குனது. அது என்னை வழியனுப்பும்.”

“அதுதான் எனக்கும் பயமா இருக்கு,” என்றாள் ஹேசல்.

வேறு வழி இல்லாதபோது அந்த ஜனம் செய்வது ஒன்றே ஒன்றுதான். தேநீர் போடுவது. பால் பின்சுவரில் இருந்தது. விதைப் பெட்டிகளுக்கு நடுவே, தோள் உயரத்தில், சுவரில் ஒரு மாடம். நம் வீடுகளில் விளக்கு வைப்பதுபோல அவர்கள் அதில் பால் வைத்தார்கள். கோடையிலும் ஜில்லென்று இருக்கும். நாலு தலைமுறைப் பால் புட்டி அங்கேதான் நின்றது. அப்பா, தாத்தா எல்லாரும் அதை ‘சரக்கறை’ என்று பெருமையாகச் சொல்வார்களாம்.

ஹேசல் புட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். எடுக்கவில்லை. கழுத்துத் துணியை அவிழ்த்து, அதன் நுனியை மாடத்துக்குள் பிடித்தாள். நுனி ஆடியது.

“ஒன் மாடம் மூச்சு விடுது, மோரிஸ்.”

“அது எப்பவும் அப்படித்தான். அதனாலதான் பால் கெடுறதில்ல.”

“சுவருக்குள்ள காத்து எங்கருந்து வருதுன்னு உங்க வம்சத்துல ஒருத்தருமா கேக்கல?”

“பால் கெடலையே. எதுக்குக் கேக்கணும்?”

நான் விதைப் பெட்டிகளை நகர்த்தினேன். அந்த வயதிலும் யாரையும் ஒரு கை கொடுக்கக் கூப்பிடவில்லை. தட்டிப் பார்த்தே மூட்டைக்குள் கல் கலந்திருக்கிறதா என்று சொல்கிறவன் நான். மாடத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். மற்ற இடங்களில் ‘ணங்’ என்றது, இங்கே ‘தொம்’ என்றது. கரண்டிக் காம்பால் சுரண்டினேன். சுண்ணாம்பு தோல் தோலாக உரிந்தது. கீழே சக்கிமுக்கிக் கல் இல்லை. அடுக்கிவைத்த செங்கல், இடையில் சுண்ணாம்புகூட இல்லை. இன்னும் சுரண்டினால் செதுக்கிய கல் ஒன்று, வளைந்து மேலே போயிற்று. வாசல் வளைவு. நாலு தலைமுறையாக அவர்கள் வாசலில் பால் வைத்துக் குடித்திருக்கிறார்கள்.

நான் சந்தோஷத்தில் மோரிஸின் முதுகில் அடித்தேன். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“மூடிரு, போ,” என்றான்.

“என்னது?”

“இத மிஸஸ் லார்ட்டர் பாத்தாங்கன்னா, ‘சுவாரசியம்’னு சொல்லுவாங்க. அப்புறம் நூல் போட்டு அளப்பாங்க, படம் புடிப்பாங்க, வருஷம் ஓடிரும். இப்ப தர்ட்டிலாவது யோசிச்சுக்கிட்டு இருக்கான். அவனும் போயிருவான்.”

அந்த ஊர்க் கொத்தனார்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுவரைக் கொத்தும்போது பழைய கல் தலைகாட்டினால், பலகையைத் திரும்ப வைத்து மூடிவிட்டு, தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள். அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். ஹேசல் கழுத்துத் துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள். இழுவை வண்டி வந்து லாரியை உருவி எடுத்ததும், கடைசி ரயிலுக்கு நடந்தாள்.

அடுத்த வியாழன் அவள் வந்தபோது நானும் இருந்தேன். நேராகப் பின்சுவருக்குப் போனாள். பளபளவென்று புதுச் சுண்ணாம்பு. நான் சுரண்டிய இடமே தெரியவில்லை. மாடத்தில் பால் புட்டி நின்றது.

“வெள்ளையடிச்சிருக்க,” என்றாள்.

“கறையா இருந்துச்சு. இப்ப நல்லாருக்கு. இது...” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

“சொல்லு. இது உன்ன வழியனுப்பும். அதான?” கையுறையை மாட்டிக்கொண்டாள். “உன்ன அனுப்புமோ என்னமோ, மோரிஸ். என்னைய அனுப்பிருச்சு.”

போய்விட்டாள். அடுத்த வியாழனும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. மோரிஸ் வியாழக்கிழமைகளில் மேலங்கியைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் எதையாவது பெருக்கிக்கொண்டிருந்தான். அப்பால் வழியே இல்லாத சந்தில் யார் நடந்து வருவார்கள்?

எனக்குப் பொறுக்கவில்லை. நான் யாருக்கும் புத்தி சொல்கிறவன் இல்லை, வேலை சொல்கிறவன். அன்றைக்குச் சொன்னேன்.

“நீ என்னைய தெனமும் போ, போன்னு கூப்புடுறியே. எங்க ஊருப் பாஷையில அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?”

“என்ன?”

“கெளம்புன்னு அர்த்தம். மொதல் நாளு நீ சொன்னதும் நான் கெளம்பிட்டேன் பாரு, அதான். இத்தன வருஷமா ஊருக்கே சொல்ற. ஒரு நாளாவது உனக்கு நீயே சொல்லிப் பாத்தியா?”

அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். கொஞ்ச நேரம் அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேலங்கியோடேயே நகரசபைக்கு நடந்தான்.

மிஸஸ் லார்ட்டர் மறுநாளே வந்தார். மோரிஸ் தன் கையாலேயே தன் சுண்ணாம்பைச் சுரண்டிக் காட்டினான். அவர் விளக்கடித்துப் பார்த்தார். விரலால் வளைவைத் தடவினார். வாசற்படி இருக்க வேண்டிய இடத்தில் தரையைச் சுரண்டச் சொன்னார். நடுவில் குழிந்து தேய்ந்த கல் ஒன்று வந்தது.

“ரொம்ப சுவாரசியமா இருக்கு,” என்றார்.

மோரிஸ் என் அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

“பொறுங்க, மிஸ்டர் உட்டிங், நான் இன்னும் முடிக்கல. இது வழி நடந்து தேஞ்ச கல்லு. உங்க சந்து இந்தக் கூடத்துக்குள்ள பூந்து ஆத்துப் படித்துறைக்குப் போயிருக்கு. வளைவு பழசு. அடைச்ச செங்கல்லு பழசு இல்ல, உங்க கொள்ளுத்தாத்தா காலத்துது. இந்தப் பக்கமும் விதைப் பெட்டி அடுக்கணும்னு அடைச்சிருப்பாரு.”

“அப்போ?”

“புதுசா ஓட்டை போடத்தான் நான் விடமாட்டேன். இருக்குற வாசலத் திறக்க எனக்கென்ன?”

ஆக, முட்டுச்சந்து முட்டுச்சந்தாகப் பிறக்கவில்லை. உட்டிங்குகள்தான் அதை முட்டவைத்தார்கள்.

காகிதம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தது. தீயணைப்பு அதிகாரி வந்து அளந்துவிட்டு, இது போதும் என்றார். தர்ட்டில் கைகுலுக்கினான். ஹேசலுக்கு மோரிஸ் போன் பண்ணவில்லை. திறக்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டேன் என்றான். அவர்கள் ஜனமே அப்படி, கையில் வராததைப் பேசமாட்டார்கள். ஈஸ்டர் நெருங்கிக்கொண்டே வந்தது. ராத்திரி அவன் அறையில் விளக்கு எரிந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், தர்ட்டிலின் ஆட்கள் செங்கல்லை உருவத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மோரிஸ் உத்திரத்தை அண்ணாந்து பார்த்தான். எதுவும் விழவில்லை. முதலில் ஈரக் காற்று வந்தது. பிறகு வெளிச்சம். பிறகு காட்டுச்செடி. அதை வெட்டினால் பாசி பிடித்த படிகள், கீழே ஆறு, ஒரு அன்னம் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிற்று.

“போய்ப் பாரேன்,” என்றேன்.

“முன்கதவப் பூட்டிட்டு வந்துடறேன்,” என்றான்.

பூட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள், அதற்குமேல் குறுக்குக் கட்டை, வாழ்நாள் எல்லாம் ராத்திரிக்குப் பூட்டியது போலவே. திரும்பி வந்தான். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாடம் இருந்த கல் போய்விட்டதால் பால் புட்டி தரையில் நின்றது. அதை எடுத்து என் கையில் கொடுத்தான். நெட்டையன் ஆனதால் வளைவில் குனியவேண்டியிருந்தது. குனிந்தவன் அந்தப் பக்கம் நிமிர்ந்தான். ஒரு படி இறங்கினான். கட்டடம் முனகுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. போ,” என்றேன்.

எந்தப் பாஷையில் எடுத்துக்கொண்டான் என்று தெரியாது. ஆற்றோரமாகவே ரயிலடிப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அரைமணி கழித்து என் லாரி சந்து முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கதவைத் திறக்கப் போனேன். குறுக்குக் கட்டை அசையவில்லை. எந்தப் பக்கம் தூக்கி எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்பது அவன் கைக்கு மட்டும்தான் தெரியும். தர்ட்டிலின் ஆட்களும் முட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். கடைசியில் ஊர் சுற்றி, ஆற்றுப் படியேறி, அந்த வாசல் வழியாகத்தான் என் அரிசி உள்ளே வந்தது. ஐந்நூறு வருஷத்துக்கு முன் கம்பளி போன வழியில் பாசுமதி ஏறியது. ஏற்றியவன் நான்.

சாயங்காலம் குரோமருக்குப் போன் போட்டேன். ஹேசல்தான் எடுத்தாள்.

“அந்தக் குறுக்குக் கட்டைய எப்படித் தூக்குறதுன்னு அவனக் கேட்டுச் சொல்லு.”

“அவன் வெளிய வேலிகிட்ட நிக்கிறான். பாதி வேலி மண்ணுல கெடக்கு. கயிறு கேட்டான்.”

“எதுக்கு?”

“கட்டத்தான். கட்டிட்டா அது அவன வழியனுப்புமாம்.” அவள் சிரிப்பை அடக்குவது காதில் கேட்டது. “புதுப் பலகையும் சுத்தியலும் குடுத்திருக்கேன், ஆண்டி. இந்த வீட்டுல எதுவும் யாரையும் வழியனுப்பாதுன்னு சொல்லிட்டேன்.”